பழைய கீசரை நாமே மாற்றலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: பத்து வருடப் பழைய 15 லிட்டர் கீசர் அடியில் ஒழுகுகிறது. நானே கழற்றிப் புதியதை மாட்டலாமா?

ப: ஒழுகுவது உள்தொட்டியா என்று முதலில் பாருங்கள். பைப் வாஷர் போயிருந்தால் சின்ன வேலைதான். தொட்டியே ஓட்டை என்றால் புதிது வாங்க வேண்டியதுதான். கையில் ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் இருந்தால் குழாய் வேலையை நீங்களே செய்யலாம். எம்.சி.பி.யை (லோடு மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்) அணைத்து, பிளக்கை உருவி, தண்ணீர் ஆறும்வரை பொறுங்கள். கீசருக்குத் தண்ணீர் வரும் வால்வை மூடிவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்தாலும் தொட்டி காலியாகாது. வெந்நீர் தொட்டியின் மேல்பகுதியிலிருந்துதான் வெளியே வரும். கீழே பக்கெட் வைத்து, குளிர்நீர் இணைப்பையும் அதிலுள்ள சேஃப்டி வால்வையும் கழற்றினால்தான் முழுவதும் வடியும்.

கே: பழைய பிளக்கும் வயரும் போதுமா?

ப: 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் தாங்காது. 16 ஆம்பியர் சாக்கெட், குறைந்தது 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், தனி எம்.சி.பி. வேண்டும். சாக்கெட் கருகியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

கே: டெஸ்டர் எரிகிறது, அப்படியென்றால் லைன் சரிதானே?

ப: இல்லை. டெஸ்டர் ஃபேஸ் இருப்பதை மட்டும்தான் காட்டும். எர்த் (கசியும் கரண்ட்டை மண்ணுக்கு இறக்கும் வயர்) இருக்கிறதா என்று சொல்லாது. பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை இருக்கும், பின்னால் வயரே இருக்காது. உப்புத் தண்ணீரில், சூடாக்கும் காயிலின் உறை அரித்து ஓட்டை விழுந்தால் கரண்ட் தண்ணீரில் இறங்கும். எர்த் இல்லாத வீட்டில் அந்தத் தண்ணீரில் நிற்பது உங்கள் பிள்ளையாகக்கூட இருக்கலாம். இந்த ஒரு வேலையை மட்டும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், கரண்ட் கசிந்தால் லைனைத் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போடச் சொல்லுங்கள். எர்த்துக்குப் பதிலாக நியூட்ரலைச் சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

கே: மாட்டியாச்சு. உடனே ஸ்விட்சைப் போடலாமா?

ப: கொஞ்சம் பொறுங்கள். நீல நிறம் குளிர்நீர், சிவப்பு வெந்நீர், மாறியிருக்கிறதா பாருங்கள். அப்புறம் வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று போய்த் தண்ணீர் சீராக வந்த பிறகே ஸ்விட்ச். வெறும் தொட்டி சூடானால் காயில் எரிந்துவிடும்.

கே: போர் தண்ணீர்தான் எங்களுக்கு. எத்தனை வருடம் வரும்?

ப: உப்பைப் பொறுத்தது. தொட்டிக்குள் இருக்கும் மக்னீசியம் கம்பி தன்னைக் கரைத்துக்கொண்டு தொட்டியைக் காக்கிறது. வருடம் ஒருமுறை சர்வீஸில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள், கரைந்திருந்தால் மாற்றுங்கள். சூட்டைக் கொதிக்கக் கொதிக்க வைக்காதீர்கள். சூடு கூடக் கூடக் காயிலில் உப்பு படிவதும் கூடும்.

கே: சூடாகும்போது சேஃப்டி வால்வில் சொட்டுகிறது. அடைத்துவிடலாமா?

ப: கூடவே கூடாது. தண்ணீர் சூடானால் விரியும், அந்த அழுத்தம் வெளியேறும் வழி அதுதான். அடைத்தால் தொட்டி வெடிக்கக்கூடும். ஆறிய பிறகும் விடாமல் சொட்டினால் மட்டும் புது வால்வு போடுங்கள்.