ஒரே சமையலைச் சாப்பிட்டும் வீட்டில் ஒருவருக்கு மட்டும் இரத்த அழுத்தம் ஏறுவது ஏன்?

இதைக் கேட்டவர் வீட்டில் சமைப்பவராகத்தான் இருக்க வேண்டும். பழியும் உங்கள் தலையில்தான் விழுந்திருக்கும். எனக்கு விழுந்தது.

கணவருக்கு 160/100 என்று தெரிந்த அன்றே மாமியார் சொல்லிவிட்டார்: "உன் கை உப்புக் கை." அதே குழம்பை அவரும்தான் சாப்பிடுகிறார். எழுபதைத் தாண்டியும் அவருக்கு 120/80.

வித்தியாசம் சிறுநீரகத்தில் இருக்கிறது. அது நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டி, அதிலுள்ள சோடியத்தில் 99 சதவீதத்துக்கும் மேல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மிச்சம்தான் சிறுநீரில் போகிறது. உப்பு கூடினால் உடம்பில் நீர் தங்கும், அழுத்தம் சற்று ஏறும். அந்த ஏற்றமே கூடுதல் உப்பை வெளியே தள்ளவைக்கும். உப்பைப் பிடித்துவைக்கும் ரெனின், ஆல்டோஸ்டீரோன் என்ற சுரப்புகளும் அப்போது அடங்கிவிடும். மாமியாரின் சிறுநீரகம் 120லேயே கணக்கைத் தீர்த்துவிடுகிறது. அவர் மகனுடையதற்கு அதே உப்பைத் தள்ள 160 வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஆர்தர் கைட்டன் என்ற உடலியல் அறிஞர் பல ஆண்டுகள் வாதாடியது இதற்காகத்தான். எலிகளிலும் மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறார்கள்: இரத்த அழுத்தம் உள்ள எலியின் சிறுநீரகத்தைச் சாதாரண எலிக்குப் பொருத்தினால் அதற்கும் அழுத்தம் ஏறுகிறது. அந்த எலிக்கு யாரும் குழம்பு வைத்துக் கொடுக்கவில்லை.

நான் டாக்டர் இல்லை. நரம்புக்கும் இரத்தக் குழாய்க்கும் பங்கில்லை என்றும் சொல்லவில்லை. இந்துப்பு என்று ஆரம்பிக்கப் போகிறவர்களுக்கு: அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான்.

எங்கள் டாக்டர் 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். காலையில் முதலில் போவதை விட்டுவிட்டு, மறுநாள் காலை போவது வரை எல்லாவற்றையும் கேனில் சேர்க்க வேண்டும். அத்தனை பணம் வாங்கும் ஆய்வகம் கேனுக்குப் பொருந்துகிற மூடி தரவில்லை. பாலிதீன் பையைக் கவிழ்த்து ரப்பர் பேண்ட் போட்டு, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனது யார்? உப்புக் கைக்காரிதான்.

சோடியம் 200 மில்லிமோல் என்று வந்தது. அதாவது, அவர் ஒரு நாளில் சாப்பிட்டது ஏறக்குறைய 12 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குக் கீழே. அடுத்த வாரம் சமையலுக்கு எடுக்கும் உப்பை அளந்து வைத்தேன். ஆளுக்கு அதில் பாதிகூட வரவில்லை. மீதி எங்கிருந்து என்று துருவிக் கேட்ட பிறகுதான் அலுவலக மேஜைக்குள் இருந்த மிக்சர் பொட்டலங்களும் மாங்காய் ஊறுகாய்ப் பாட்டிலும் வெளியே வந்தன.

இப்போது சோடியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும் நீர் மாத்திரை சாப்பிடுகிறார், அழுத்தம் 130க்குள் இருக்கிறது. "கிட்னி போய்விடும்" என்று பயமுறுத்திய உறவினர்கள் இன்னும் பயமுறுத்துகிறார்கள். பொட்டாசியம் கலந்த உப்பை மட்டும் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது ஆபத்து.

ஒன்றுதான் ஆறவில்லை. ஒவ்வொரு முறையும் டாக்டர், "வீட்டில் உப்பைக் குறையுங்கள் அம்மா" என்று என்னைப் பார்த்துத்தான் சொல்கிறார். மிக்சர் தின்றவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறார்.