பப்மெட் வரைபடத்தில் 2023க்குப் பின் தெரியும் சரிவு

கேள்வி: கொழுப்புக் கல்லீரல் நோய் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையத்தளமான பப்மெட்டில் ‘நான்-ஆல்கஹாலிக் ஃபேட்டி லிவர் டிசீஸ்’ என்பதை மேற்கோள் குறிக்குள் தேடி, ஆண்டுவாரிக் கட்டுரை எண்ணிக்கையை வரைந்தேன். ஏறிவந்த கோடு 2023க்குப் பிறகு இறங்குகிறது. ஆய்வு குறைகிறது என்று எழுதலாமா?

பதில்: எழுத வேண்டாம். இடையில் நோயின் பெயர் மாறியிருக்கிறது. 2020இல் எம்ஏஎஃப்எல்டி (மெட்டபாலிக் டிஸ்ஃபங்ஷன்-அசோசியேட்டட் ஃபேட்டி லிவர் டிசீஸ்) என்ற பெயர் முன்மொழியப்பட்டது. 2023 ஜூனில் அமெரிக்க, ஐரோப்பிய, லத்தீன் அமெரிக்கக் கல்லீரல் சங்கங்கள் கூடி எம்ஏஎஸ்எல்டி (மெட்டபாலிக் டிஸ்ஃபங்ஷன்-அசோசியேட்டட் ஸ்டீட்டோடிக் லிவர் டிசீஸ்) என்று மாற்றின. மேற்கோள் குறி போட்டதும் பப்மெட் இணைச்சொற்களைத் தானாகச் சேர்ப்பதை நிறுத்திவிடும். ஆகவே பழைய பெயரின் கதை மட்டுமே உங்களுக்குக் கிடைத்தது.

மூன்று பெயர்களையும், அவற்றின் சுருக்கங்களையும், ‘நான்ஆல்கஹாலிக்’ என்று சேர்த்தெழுதும் வடிவத்தையும் ‘ஆர்’ (OR, ‘அல்லது’) போட்டு இணைத்து, தலைப்பு மற்றும் சுருக்கவுரைப் புலத்தில் தேடுங்கள். தனித்தனியாகத் தேடி எண்களைக் கூட்டினால் தவறாகிவிடும். ஒரே கட்டுரை பழைய பெயரையும் புதிய பெயரையும் சொல்லும்போது இருமுறை எண்ணப்படும். அடுக்குப் பட்டை வரைபடம் இங்கே உதவாததும் இதனால்தான். பெயருக்கொரு மெல்லிய கோடு, இணைத்த தேடலுக்கு ஒரு தடித்த கோடு போதும். பழைய பெயரின் கோடு இறங்க, புதியது ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மூன்று பெயர்களின் வரையறையும் ஒன்றல்ல என்பதைப் படத்தின் கீழ் குறிப்பிடுங்கள்: எம்ஏஎஃப்எல்டி மது அருந்துவோரை விலக்குவதில்லை.

முடிவுகளின் இடப்பக்கம் இருக்கும் ஆண்டுப் பட்டையிலிருந்து எண்கள் அடங்கிய சிஎஸ்வி கோப்பை (அட்டவணைக் கோப்பு) இறக்கலாம். அதன் முதல் வரியில் தேடல் வாசகம் இருக்கும். வரைவதற்கு முன் நீக்கிவிடுங்கள். அந்தப் பட்டையின் மொத்தம் தேடல் முடிவின் மொத்தத்தோடு பொருந்தாவிட்டால் பதற வேண்டாம். டிசம்பரில் இணையத்திலும் ஜனவரியில் அச்சிலும் வந்த கட்டுரை இரண்டு ஆண்டுகளிலும் எண்ணப்படுகிறது.

அடுத்தது வகுத்தல். பப்மெட் முழுவதுமே பல ஆண்டுகளாகப் பெருகிவந்திருப்பதால், வெறும் எண்ணிக்கையில் ஏறக்குறைய எந்தத் தலைப்பும் வளர்வதுபோலத் தோன்றும். வெளியீட்டு ஆண்டை மட்டும் கொடுத்துத் தேடி அந்த ஆண்டின் மொத்தப் பதிவுகளை எடுத்து, லட்சம் கட்டுரைக்கு எத்தனை என்று கணக்கிடுங்கள். இதிலும் ஒரு சிக்கல் உண்டு: 2020, 2021இல் கோவிட் கட்டுரைகள் வகுக்கும் எண்ணையே ஊதிப்பெருக்கின. அந்த ஆண்டுகளில் உங்கள் பங்கு தாழ்ந்தால், கல்லீரல் நோய்க் கட்டுரைகளின் மொத்தத்தால் வகுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் பார்வையில், உங்கள் கேள்விக்கு அதுவே நேர்மையான அளவு.

வேறு தலைப்பில் பின்னோக்கிப் போகிறவர்களுக்கும் ஒன்று. பப்மெட்டின் முக்கியத் தரவுத்தொகுப்பான மெட்லைனின் பதிவுகளில் சுருக்கவுரை சேர்க்கத் தொடங்கியது 1975இல்தான். தேடலில் சிக்கும் சொற்கள் கூடியதால் அதையொட்டித் தெரியும் திடீர் ஏற்றத்தை ஆய்வு வளர்ச்சி என்று எண்ணிவிடக் கூடாது.

நடப்பு ஆண்டை வரைபடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். முந்தைய ஆண்டுக்கும் சில மாதங்கள் வரை பதிவுகள் வந்து சேரும் என்பதால் அதைப் புள்ளிக்கோடாகக் காட்டலாம். 2023 ஜூனில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு ‘பெயர் மாற்றம்’ என்று எழுதுங்கள். முழுத் தேடல் வாசகமும் தரவு இறக்கிய தேதியும் படத்தின் அடியில் இருக்கட்டும்.