'மை லாஸ்ட் டச்சஸ்': கோமகன் கொலையை ஒப்புக்கொள்கிறாரா?

ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் பிரௌனிங்கின் 'மை லாஸ்ட் டச்சஸ்' கவிதையில் கொலை என்று எங்கும் சொல்லப்படவில்லையே, பிறகு ஏன் பேசுபவரைக் கொடியவராகப் படிக்கிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லப்படவில்லை என்பது சரியே. இறந்த மனைவியின் ஓவியத்தை விருந்தினர் ஒருவருக்குக் காட்டியபடி கோமகன் ஒருவர் பேசுவதே கவிதை முழுதும். மனைவியைப் பற்றிக் குறைகளை அடுக்கிய பின், ஆணையிட்டேன், புன்னகைகளெல்லாம் ஒருசேர நின்றன என்ற அளவில் கோமகன் நிறுத்திக்கொள்கிறார். அது என்ன ஆணை என்று பிற்காலத்தில் கேட்கப்பட்டபோது, கொல்வதற்கான ஆணைதான் என்று சொன்ன பிரௌனிங், கன்னிமாடத்தில் அடைக்கச் செய்திருக்கவும் கூடும் என்று சேர்த்ததாகப் பதிவு உண்டு. எழுதியவரே முடிவு கட்டாத வழக்கில் நாம் தடயம் தேடுவதால் பெரிய பயன் இல்லை. கொடுமை வேறோர் இடத்தில் இருக்கிறது.

அகப்பாடல் படித்தவர்களுக்கு இந்த வடிவம் அந்நியமானதன்று. தலைவியோ தோழியோ ஒருவரே பேசுவார்; யார் யாரிடம் எந்நிலையில் சொன்னது என்பதைப் பாட்டின் அடியில் உள்ள துறைக்குறிப்பு சொல்லிவிடும். 1842இல் வெளிவந்த இந்த 56 வரிக் கவிதையில் அத்தகைய உதவி இல்லை. கேட்டுக்கொண்டிருப்பவர் ஒரு பிரபுவின் ஆள் என்பதும், அந்தப் பிரபுவின் மகளுக்கும் கோமகனுக்கும் மணப்பேச்சு நடக்கிறது என்பதும் ஏறத்தாழ 50ஆம் வரியில்தான் தெரியவருகின்றன. தெரிந்ததும், முன்னால் படித்தவை எல்லாம் நிறம் மாறுகின்றன. இறந்தவளின் ஓவியத்தை மூடிய திரையை விலக்கும் உரிமை தனக்கு மட்டுமே என்பதும், செர்ரிக் கிளையை ஒடித்துத் தந்தவனையும் தன் 900 ஆண்டுக் குலப்பெயரையும் அவள் ஒன்றாக மதித்தாள் என்ற குறையும், அதைச் சொல்லித் திருத்துவதுகூடத் தன் தகுதிக்குக் கீழானது என்ற செருக்கும் வாய்தவறி வந்தவை அல்ல. வரப்போகும் பெண்ணின் வீட்டாருக்குச் சொல்லி அனுப்பும் நிபந்தனைகள் அவை. வாக்குமூலமாகப் படித்தால் கோமகன் உளறிவிட்டதாகத் தோன்றும். நிபந்தனையாகப் படித்தால் ஒரு சொல்லும் வீண் போகவில்லை.

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து என்னிடம் படிக்க வரும் மாணவியருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. உங்கள் பிரபுவின் வள்ளன்மையை உலகறியும், நியாயமான சீர்வரிசையை அவர் மறுக்கமாட்டார், ஆனாலும் எனக்கு வேண்டியது பெண் மட்டுமே என்று கோமகன் பேசும் இடத்தில், "எங்களுக்கென்று எதுவும் வேண்டாம், உங்கள் பெண்ணுக்குச் செய்வதைச் செய்யுங்கள்" என்ற பேச்சு நினைவுக்கு வந்து அவர்கள் சிரித்துவிடுகிறார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து தங்கும் வழக்கமுள்ள கீழக்கரையைச் சேர்ந்த ஒருத்தி, இறந்த மனைவியின் தாய்வீட்டார் எங்கே போனார்கள் என்று கேட்டாள். நல்ல கேள்வி. கவிதையில் அவர்கள் இல்லவே இல்லை. கோமகனுக்கு முன்மாதிரியாகக் கருதப்படும், இத்தாலியின் ஃபெராராவை ஆண்ட இரண்டாம் அல்ஃபோன்சோவை 1558இல், 13 வயதில் மணந்து, 1561இல் இறந்த லுக்ரேசியாவோ ஃபிளாரன்ஸின் மெடிச்சி குடும்பத்துப் பெண். நஞ்சிட்டதாக வதந்தி எழுந்தது. நோயால் இறந்தார் என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

பிரபுவின் ஆளாக வந்த தூதர் ஒரு சொல்லும் பேசுவதில்லை. எழச் சொன்னதும் எழுகிறார். பிறகு கோமகன், "இல்லை, சேர்ந்தே இறங்குவோம் ஐயா" என்கிறார். மரியாதைக்காகத் தூதர் பின்தங்கினார் என்பர் சிலர். கேட்டது போதும் என்று அவர் முந்திக்கொண்டு இறங்கப் பார்த்தார் என்றே நான் படிக்கிறேன். அதற்கும் அனுமதி கிடைக்கவில்லை.