கம்பிக்குள் என்ன நடக்கிறது? நெட்வொர்க் கேள்வி பதில்

பள்ளிகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது என் தொழில். அடிப்படைக் கேள்விகள் எதுவானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, ஒவ்வொன்றாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

வைஃபை, நெட்வொர்க், இன்டர்நெட் மூணும் ஒண்ணுதானே சார்? நெட் வரலைன்னா நாங்க "வைஃபை போச்சு"ன்னுதான் சொல்றோம். (கல்லூரி மாணவி, நெல்லை)

மூன்றும் வேறம்மா. வைஃபை என்பது உன் போனுக்கும் ரூட்டருக்கும் நடுவில் இருக்கும் சில மீட்டர் ரேடியோ வழி, அவ்வளவுதான். அந்த ரூட்டரோடு இணைந்த போன், டிவி, பிரிண்டர் எல்லாம் சேர்ந்தது உங்கள் வீட்டு நெட்வொர்க். இப்படிப்பட்ட தனித்தனி நெட்வொர்க்குகள் கோடிக்கணக்கில் ஒன்றோடொன்று கைகோத்திருப்பதுதான் இன்டர்நெட். வெளிக் கேபிள் அறுந்த நாளிலும் வைஃபை பிரிண்டரில் அச்செடுக்க முடிவது இதனால்தான்.

இந்த வேறுபாடு தெரிந்தால் பாதிப் பழுதை நீயே கண்டுபிடிக்கலாம். ரூட்டரின் அமைப்புப் பக்கம் (பல வீடுகளில் 192.168.1.1) திறக்கிறதா பார். திறந்தால் வீட்டுக்குள் எல்லாம் சரி, சிக்கல் வெளியே. திறக்கவில்லையென்றால் கம்பெனிக்குப் போன் போடுவதற்கு முன் வீட்டுக்குள் தேட வேண்டும்.

ஒரு கணினிக்கு ஐபி முகவரி ஒன்று, மேக் முகவரி ஒன்று. எதற்கு இரண்டு? ஒன்று போதாதா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

நல்ல கேள்வி ஐயா. இது புரிந்துவிட்டால் மற்றவை தானாக விளங்கும். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

உங்கள் மடிக்கணினி 192.168.1.5, பிரிண்டர் 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம். அச்செடுக்கச் சொன்னதும் கணினி முதலில் பார்ப்பது, அந்த எண் தன் நெட்வொர்க்கைச் சேர்ந்ததா என்று. 255.255.255.0 என்று ஒரு சப்நெட் மாஸ்க் இருக்கிறதே, அதை வைத்துத்தான் அதை முடிவு செய்கிறது. உள்ளூர்தான் என்று தெரிந்ததும், "192.168.1.20 யார்? உன் மேக் முகவரி என்ன?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு குரல் கொடுக்கும். இதற்கு ஏஆர்பி என்று பெயர். எல்லாக் கருவிகளுக்கும் அது கேட்கும். பிரிண்டர் மட்டும் பதில் சொல்லும். அந்தப் பதிலைக் கணினி சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொண்டு, தரவை நேராக அந்த மேக் முகவரிக்கு அனுப்பும்.

இப்போது வெளியூர் இணையதளம் ஒன்றைத் திறக்கிறீர்கள். அந்த சர்வரின் மேக் முகவரி உங்கள் கணினிக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. பாக்கெட்டில் (அனுப்பும் தரவின் ஒரு துண்டு) சேரவேண்டிய இடமாக சர்வரின் ஐபியை எழுதி, உங்கள் ரூட்டரின் மேக் முகவரியைப் போட்டு அனுப்பிவிடும். ரூட்டர் அந்த மேக்கை உரித்துவிட்டு அடுத்த ரூட்டருக்கு ஏற்றபடி புதிதாகப் போடும். வழி நெடுக இப்படித்தான். சேருமிடத்தைக் காட்டும் ஐபி கடைசிவரை மாறாது. அடுத்த அடி எங்கே வைப்பது என்று சொல்லும் மேக் மட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் மாறும். அதற்குத்தான் இரண்டு. வழியில் இருக்கும் எந்த ரூட்டருக்கும் முழுப்பாதை தெரியாது என்பதையும் கவனியுங்கள். தனக்கு அடுத்து யார் என்பது மட்டும் அதற்குத் தெரிந்தால் போதும். இந்த அமைப்பு இவ்வளவு பெரிதாக வளர முடிந்ததற்கு முக்கியக் காரணம் இதுவே என்பது என் கருத்து.

மேக் 48 பிட் நீளம். முன்பாதி தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும். இப்போதைய போன்கள் வைஃபையில் தற்காலிக மேக் ஒன்றைத் தாங்களாகவே உருவாக்கிக்கொள்வதும் உண்டு. போகிற இடமெல்லாம் ஒரே எண்ணை வைத்து நம்மைப் பின்தொடரக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது.

எங்க வீட்லயும் 192.168.1.5, பக்கத்து வீட்லயும் 192.168.1.5. குழப்பம் வராதா அண்ணா? (பிளஸ் டூ மாணவன், ஓசூர்)

வராது தம்பி. இன்டர்நெட்டில் பரவலாகப் புழங்கும் ஐபிவி4 முகவரி 32 பிட். மொத்தமே சுமார் 429 கோடி எண்கள். எல்லாருக்கும் போதாது என்று தெரிந்துதான் சில எண் வரிசைகளை, 192.168 என்று தொடங்குபவை, 10 என்று தொடங்குபவை முதலியவற்றை, உள்வீட்டுப் புழக்கத்துக்கென்று ஒதுக்கினார்கள். இவை வெளியே செல்லாது. உன் ரூட்டர் வெளியே அனுப்பும்போது உன் எண்ணை எடுத்துவிட்டுத் தன் பொது எண்ணைப் போடும். எந்தப் பதில் எந்தக் கருவிக்கு என்பதைப் போர்ட் எண்ணோடு (ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துக் காட்டும் எண்) ஓர் அட்டவணையில் குறித்து வைத்துக்கொள்ளும். இதுதான் நாட்.

உலகளவில் எண்களைப் பங்கிடும் ஐஏஎன்ஏ தன் கையிருப்பின் கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரியில் கொடுத்து முடித்துவிட்டது. அதனால் இப்போது பல இன்டர்நெட் நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது எண்ணுக்குப் பின்னால் வைக்கின்றன. வெளியூரிலிருந்து வீட்டுக் கேமரா டிவிஆரைப் பார்க்க ரூட்டரில் போர்ட் திறந்துவிட்டும் வேலை செய்யவில்லை என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் இதுதான் காரணம். நிரந்தரத் தீர்வு 128 பிட் கொண்ட ஐபிவி6. உன் போனில் மொபைல் டேட்டாவைப் போட்டு முகவரியைப் பார், அநேகமாக அது ஏற்கெனவே வந்திருக்கும்.

கேமராவுக்கு 130 மீட்டர் கேபிள் இழுத்தோம். பகல்ல ஓடுது, ராத்திரி ஆனா கட் ஆகுது. (சிசிடிவி டெக்னீஷியன், ஈரோடு)

காப்பர் ஈதர்நெட்டுக்கு (செம்புக் கம்பியில் ஓடும் நெட்வொர்க்) வரம்பு 100 மீட்டர். அதைத் தாண்டிச் சில நாள் ஓடினாலும் நம்ப முடியாது. பிஓஇ மூலம் அதே கம்பியில் கரண்டும் கொடுக்கிறீர்கள். இரவில் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியும்போது இழுக்கும் கரண்ட் கூடும், நீளக் கம்பியில் வோல்டேஜ் இறங்கும், கேமரா அணையும். அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு கொடுத்த மலிவுக் கேபிளாக இருந்தால் இன்னும் மோசம். நடுவில் ஒரு பிஓஇ ஸ்விட்ச் (பல நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் பெட்டி) வையுங்கள், அல்லது ஃபைபர் இழுங்கள்.

கூடவே ஒன்று. ஜிகாபிட் ஸ்விட்ச், ஜிகாபிட் கணினி, ஆனால் 100 என்றே காட்டுகிறது என்றால் கேபிள் முனையில் பிளக் அழுத்திய இடத்தை, அதாவது கிரிம்பிங்கைப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 4, 5, 7, 8இல் ஒன்று விட்டுப்போயிருக்கும்.

வைஃபை சிக்னல் ஃபுல்லா இருக்கு, ஆனா வீடியோ சுத்திக்கிட்டே நிக்குது. (இல்லத்தரசி, சென்னை அபார்ட்மென்ட்)

அந்தக் கோடுகள் காட்டுவது உங்கள் ரூட்டரின் சத்தம் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டும். அதே சேனலில் இன்னும் எத்தனை வீடுகள் பேசுகின்றன என்பதை அது காட்டாது. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். அடுக்குமாடியில் எல்லாரும் அதில்தான் நெருக்கியடிக்கிறார்கள்.

இந்தச் சிக்கலுக்கு வயது அதிகம். 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழு தீவுகளை ரேடியோவால் இணைத்தது. இருவர் ஒரே நேரத்தில் பேசி மோதினால், ஆளுக்கொரு தற்செயலான நேரம் காத்திருந்து மறுபடி பேசுவது என்று வைத்தார்கள். அந்த யோசனையை எடுத்துத்தான் 1973இல் ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட்டை வடிவமைத்தார். வைஃபையிலும் இன்றுவரை அதன் வாடை உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியது: போன்களை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். நகராமல் ஒரே இடத்தில் இருக்கும் டிவிக்குக் கேபிள் கொடுத்துவிடுங்கள். ரூட்டரைப் பீரோவுக்குப் பின்னாலிருந்து வெளியே எடுங்கள்.

அண்ணை, 100 எம்பிபிஎஸ் பக்கேஜ் எடுத்தனான். டவுன்லோட் 12க்கு மேல போகுதில்லை. ஏமாத்துறாங்களோ? (யாழ்ப்பாணம்)

இல்லைத் தம்பி. அவர்கள் சொல்வது பிட், டவுன்லோட் காட்டுவது பைட். எட்டால் வகுத்தால் 12.5. உங்களுக்கு முழுதாகவே வருகிறது.

ஒரு போட்டோவைத் துண்டு துண்டாக அனுப்புவதாகப் படித்தேன். நடுவில் ஒரு துண்டு தொலைந்தால்? (வங்கி ஊழியர், மதுரை)

தொலையும். வழக்கமாகவே தொலையும். 5 எம்பி போட்டோ ஒன்று 1,500 பைட்டுக்கு மிகாத துண்டுகளாக, மூவாயிரத்துச் சொச்சம் பாக்கெட்டுகளாகப் போகிறது. வழியில் ஒரு ரூட்டரில் நெரிசல் வந்தால் இடமில்லாத பாக்கெட்டை அது கீழே போட்டுவிடும், உங்களுக்குத் தகவலும் வராது. வழி எந்த உத்தரவாதமும் தருவதில்லை. அதை வழியிடம் எதிர்பார்க்கவும் கூடாது என்று முடிவு செய்ததில்தான் வின்ட் செர்ஃப், பாப் கான் இருவரின் பெருமை இருக்கிறது. அவர்கள் 1974இல் வெளியிட்ட வடிவமைப்பில் பொறுப்பு முழுவதும் இரு முனைகளுக்கு வந்தது. அனுப்புகிறவர் வரிசை எண் போடுகிறார், பெறுகிறவர் எதுவரை வந்தது என்று பதில் சொல்கிறார், பதில் வராததை அனுப்புகிறவர் மறுபடி அனுப்புகிறார். தாறுமாறாக வந்தாலும் எண்ணைப் பார்த்து அடுக்கிக்கொள்ளலாம். இதுதான் டிசிபி. 1983 ஜனவரி 1 அன்று, இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்ப்பாநெட் முழுவதும் இதற்கு மாறியது.

ஆனால் 1986 அக்டோபரில் ஒரு விபரீதம் நடந்தது. கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே தூரம் சில நூறு மீட்டர்தான். நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த அந்த இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்தது. கம்பி அறுபடவில்லை. பதில் வராததால் எல்லாக் கணினிகளும் மறுபடி மறுபடி அனுப்ப, அதனாலேயே நெரிசல் கூடிக்கொண்டே போனது. வான் ஜேக்கப்சன் இதற்கு வழி கண்டு 1988இல் எழுதினார்: மெதுவாகத் தொடங்கு, பதில் வர வர வேகத்தைக் கூட்டு, பாக்கெட் தொலைந்தால் உடனே குறைத்துக்கொள். உங்கள் போனில் இன்று ஓடுவது இதன் வாரிசுதான். யாரும் மேலிருந்து கட்டளையிடாமல், கோடிக்கணக்கான கருவிகள் தாமாகவே ஒதுங்கி வழிவிடுகின்றன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

குரல் அழைப்பு இதற்கு விலக்கு. அரை நொடி கழித்து வரும் ஒரு அசையால் பயனில்லை. அதனால் பெரும்பாலும் பதிலுக்குக் காத்திருக்காத யுடிபி என்ற முறையில் அனுப்பிவிட்டு, தொலைந்ததை விட்டுவிடுகிறார்கள்.

சில சமயம் ஒரு வெப்சைட்டும் திறக்க மாட்டேங்குது, ஆனா ஏற்கெனவே ஓடுற கேம் மட்டும் ஓடுது. ஏன்? (கோவை)

டிஎன்எஸ்ஸைச் சந்தேகப்படுங்கள். பெயரைக் கொடுத்தால் ஐபி எண்ணைத் தருவது அதன் வேலை. கேமுக்கு எண் முன்பே தெரியும், அதனால் ஓடுகிறது. ஒரு சோதனை: 8.8.8.8 என்ற எண்ணுக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு கட்டளை) போகிறது, பெயருக்குப் போகவில்லை என்றால் குற்றவாளி டிஎன்எஸ்தான்.

ஆரம்பத்தில் எல்லாப் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் எலிசபெத் ஃபைன்லர் குழு அதைப் பராமரித்தது, மற்றவர்கள் நகல் எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகவே, 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் பொறுப்பைப் படிப்படியாகப் பிரித்துக்கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழிலேயே முகவரி முடிய இன்று இடமுண்டு.

அந்தமானில் இருக்கிறோம். கடலடிக் கேபிள் வந்தபின் வீடியோ காலில் பேச்சு மோதுவது நின்றுவிட்டது. வேகம் கூடியதாலா?

வேகத்தைவிடத் தாமதம் குறைந்ததால். புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. ஒரு சொல் மேலே போய்க் கீழே வரக் கால் நொடி, பதிலுக்கு இன்னொரு கால் நொடி. அதனால்தான் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்துவது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து உங்களுக்கு வந்த கேபிள், தீவுக் கிளைகளையும் சேர்த்தே சுமார் 2,300 கி.மீ. ஃபைபருக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கி.மீ. ஓடுகிறது. அந்த நீளம் முழுவதையும் கணக்கிட்டாலும் போய்வர 25 மில்லிநொடிகூட ஆகாது. பெரிய பிளானுக்கு மாறினாலும் செயற்கைக்கோள் வழியின் அந்த அரை நொடியைக் குறைக்க முடியாது, தூரம் குறைந்தால்தான் உண்டு.

ஆபீஸ் கணினியில் ஐபி 169.254 என்று வருகிறது. என்ன அர்த்தம்?

முகவரி கொடுக்கும் டிஎச்சிபியிடமிருந்து பதில் வரவில்லை, கணினி தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். முதலில் கேபிளையும் ஸ்விட்ச் விளக்கையும் பாருங்கள்.

பாலிடெக்னிக் கடைசி வருஷம் அண்ணா. ஓஎஸ்ஐ ஏழு அடுக்கையும் மனப்பாடம் பண்ணிட்டேன், ஒண்ணும் ஒட்டலை. எங்கிருந்து தொடங்கட்டும்?

நெட்வொர்க் வேலையை ஏழு படியாகப் பிரித்துக் காட்டும் பாடம்தான் ஓஎஸ்ஐ, அதன் மனப்பாடத்தை ஓரமாக வை. நெட்வொர்க்கில் போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருள் இலவசம், உன் கணினியில் போடு. உன் சொந்த நெட்வொர்க்கில் மட்டும் பயன்படுத்து. பதிவைத் தொடங்கிவிட்டு, இதுவரை திறக்காத ஒரு தளத்தைத் திற. ரூட்டரின் மேக்கைக் கேட்கும் ஏஆர்பி, பெயரைக் கேட்கும் டிஎன்எஸ், பிறகு இரு முனையும் இணைப்பைத் தொடங்க டிசிபி கைகுலுக்கும் மூன்று வரிகள் எல்லாம் தெரியும். ஏஆர்பி மட்டும் வரவில்லையென்றால் கணினி அதை ஏற்கெனவே நினைவில் வைத்திருக்கிறது.

அடுத்து, பெரிய கோப்பு ஒன்றை அப்லோடு செய்துகொண்டே ரூட்டரின் வெளிக் கேபிளைச் சில நொடி பிடுங்கிவிட்டுச் செருகு. மறுபடி அனுப்பப்பட்ட பாக்கெட்டுகள் கறுப்புப் பின்னணியில் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் இடையே காத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போவதைக் குறித்துக்கொண்டு வா, ஏன் கூடுகிறது என்று அடுத்த முறை பேசுவோம்.