கட்சியில சேரலாமா? – ஒரு கடிதம்

வணக்கம் அண்ணா,

எனக்கு 27 வயசு. ரெண்டு வருஷமா எங்க ஊர்ல ஒரு கட்சிக்காரங்களோட சேர்ந்து ஏரி தூர்வாருறது, ரத்ததான முகாம்னு ஓடிட்டு இருக்கேன். இப்ப உறுப்பினர் கார்டு போட்டுக்கோன்னு சொல்றாங்க. போன மாசம் அவங்க கவுன்சிலர் பண்ண ஒரு தப்பை வாட்ஸ்அப் குரூப்ல கேட்டேன், உடனே ஒருத்தர் போன் பண்ணி "உள்ள வந்துட்டா இப்படியெல்லாம் கேக்கக்கூடாது தம்பி"ன்னார். சேர்ந்தா சொந்த புத்தியை அடகு வெக்கணுமா? நீங்க எந்தக் கட்சியிலயும் இல்லாததுக்கு இதான் காரணமா?

கே., ஈரோடு மாவட்டம்

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்விக்கு முதல்ல சொல்லிடறேன். கட்சியில இல்லாததை நான் பெருமையா நினைக்கல. எங்க அப்பா 30 வருஷம் ஒரு கட்சியோட கிளைச் செயலாளர். பாட்டிக்கு ராத்திரி மூச்சுத் திணறினப்ப கார் புடிச்சுட்டு வந்து தூக்கிட்டுப் போனது கட்சிக்காரங்கதான், சொந்தக்காரங்க விடிஞ்சப்புறம்தான் வந்தாங்க. அதனால கட்சின்னாலே அடிமைத்தனம்னு யாராவது பேசினா எனக்குக் கோவம் வரும்.

ஆனா அதே அப்பா, ஒரு தேர்தல்ல மேல இருந்து திணிச்ச வேட்பாளரை வீட்ல சாப்பிடும்போது அவ்ளோ திட்டிட்டு, மறுநாள் செயல்வீரர் கூட்டத்துல ஒரு வார்த்தை பேசாம கைதட்டிட்டு வந்தார். ஏம்ப்பான்னு கேட்டா "வீட்டு விஷயத்தை சந்தியில பேசுவாங்களா"ன்னார். அது சந்தி இல்லியே, கட்சியோட சொந்தக் கூட்டம்தானே, அங்க பேசலன்னா வேற எங்க பேசுறது? அன்னிக்கு எனக்கு இதைக் கேக்கத் தெரியல, இன்னும் மனசுல கிடக்கு.

உங்களுக்கு போன் பண்ணவர் ஒண்ணை மறந்துட்டார். 1985ல வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் கட்டிப்போடுறது எம்எல்ஏ, எம்பியைத்தான். சபையில இப்படித்தான் ஓட்டுப் போடணும்னு கட்சிக் கொறடா போடுற உத்தரவை மீறி ஓட்டுப் போட்டா, ஏன் போடாம உக்காந்திருந்தாகூட, கட்சி 15 நாளுக்குள்ள மன்னிக்கலன்னா பதவி போகலாம். கார்டு மட்டும் வெச்சிருக்கற கிளை உறுப்பினருக்கு அந்தச் சட்டம் கிடையாது, மிஞ்சிப்போனா கட்சியை விட்டு நீக்குவாங்க. அப்படி இருந்தும் எம்எல்ஏவை விட அதிகமா வாயை மூடிக்கிறது நம்ம கிளை ஆளுங்கதான். ஏன்னா சாக்கடை காண்ட்ராக்ட் அங்கிருந்து வருது, வீட்டம்மாவோட சத்துணவு வேலை அங்கிருந்து வருது. சோறு கட்சி கையில போன அன்னிக்கு புத்தியும் கூடவே போயிடுது, கார்டுல கையெழுத்து போட்ட அன்னிக்கு இல்ல.

சோம்நாத் சாட்டர்ஜியைப் பாருங்க. 1968லேர்ந்து மார்க்சிஸ்ட் கட்சிக்காரர், பத்து தடவ எம்பி. 2008ல அமெரிக்காவோட அணு ஒப்பந்தத்தை எதிர்த்து இடதுசாரிகள் மன்மோகன் சிங் அரசுக்குக் கொடுத்த ஆதரவை வாபஸ் வாங்கினப்ப, மக்களவை சபாநாயகரா இருந்த அவர் பேரையும் வாபஸ் வாங்கின எம்பிக்கள் பட்டியல்ல சேர்த்துட்டாங்க. பதவியை விடச் சொல்லி கட்சி கேட்டும், சபாநாயகர் கட்சிக்கு அப்பாற்பட்டவர்னு சொல்லி அவர் ராஜினாமா பண்ண மறுத்தார். ஜூலை 22 நம்பிக்கை வாக்கெடுப்பை நடத்தி முடிச்சார், மறுநாளே கட்சியை விட்டு நீக்கிட்டாங்க. நாப்பது வருஷ உறவு! 2018ல அவர் இறந்தப்ப உடம்பு மேல செங்கொடி போர்த்த குடும்பம் சம்மதிக்கல. எங்க அப்பாவுக்குக் கொடி போர்த்தினாங்க, அதைப் பாத்து நான் அழுதேன், அவர் ஆசைப்பட்டது அதைத்தான். ரெண்டுல எந்த சாவு நல்ல சாவுன்னு கேட்டா எனக்கு சொல்ல வராது, ஆனா சோம்நாத் பேசவேண்டிய நேரத்துல பேசினார், அதுக்குண்டான விலையையும் கொடுத்தார்.

வேற மாதிரியும் கட்சி நடத்திப் பாத்திருக்காங்க. ராஜாஜி 80 வயசுல, 1959ல ஆரம்பிச்ச சுதந்திராக் கட்சியில, அடிப்படைக் கொள்கைக்குள்ள வராத எந்த விஷயத்துலயும் உறுப்பினர் சொந்தக் கருத்து வெச்சுக்கலாம், வெளியில பேசவும் செய்யலாம்னு கொள்கையிலயே எழுதி வெச்சாங்க. அவங்க பொருளாதாரம் எனக்கு ஒத்து வராது, அந்த ஒரு வரி ரொம்பப் பிடிக்கும். 1967ல 44 எம்பி ஜெயிச்ச கட்சி அது, அதனால இது நடக்காத கதைன்னு யாரும் சொல்லிட முடியாது.

தம்பி, நீங்க சேருங்கன்னுதான் சொல்லுவேன். ஏரி தூர்வார தனி ஆளால முடியாது. ஆனா கார்டு வாங்கறதுக்கு முன்னாடி அந்த கவுன்சிலர் விஷயத்தை ஒரு பேப்பர்ல எழுதி, கிளைக் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு படிங்க. வாட்ஸ்அப் வேணாம், நேர்ல. என்ன பதில் சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க.