எட்டு வயதுப் பையனுக்குத் தியானம்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு படிக்கிறான். வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறான். ஒரு எழுத்து தப்பானால் நோட்டைக் கிழிக்கிறான். மைண்ட்ஃபுல்னெஸ் பழக்கினால் மாறுவான் என்று தோழி சொன்னாள். செல்போனில் ஒரு செயலியை இறக்கி, தினமும் காலையில் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்கார வைக்கிறேன். நெளிகிறான், சிரிக்கிறான், கடைசியில் சண்டையில் முடிகிறது. எனக்கும் இது புதிதுதான். என்ன செய்யலாம்? (ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: அந்தச் செயலியைக் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வையுங்கள். உங்கள் மகன் மேல் தப்பில்லை. கண்ணை மூடிப் பத்து நிமிடம் அசையாமல் இருப்பது, புதிதாகப் பழகும் பெரியவர்களுக்கே கஷ்டம். எட்டு வயதில் ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம் போதும். கண் திறந்தே இருக்கட்டும்.

மனதைக் காலியாக்குவதுதான் தியானம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உங்கள் தோழி சொன்ன மைண்ட்ஃபுல்னெஸ் அது இல்லை. இப்போது நடப்பதை, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல், கூர்ந்து கவனிப்பதுதான் இது. வேர் பௌத்தத்தில் இருக்கிறது. 1979-ல் அமெரிக்காவில் ஜான் கபாட்-ஸின், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், தீராத வலியோடும் மன அழுத்தத்தோடும் வந்தவர்களுக்காக இதை எட்டு வாரப் பயிற்சியாக மாற்றினார். அதில் பெரியவர்களுக்கே முதலில் கொடுப்பது மூச்சுப் பயிற்சி அல்ல, ஒரே ஒரு உலர்திராட்சை!

நீங்களும் அங்கிருந்தே தொடங்கலாம். பாயசத்துக்கு வாங்கி வைத்த திராட்சை இருந்தால் அது, இல்லாவிட்டால் ஒரு துண்டு கடலை மிட்டாய். இருவரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். வேற்றுக் கிரகத்திலிருந்து இப்போதுதான் வந்தவர்கள் மாதிரி அதைப் பாருங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் எங்கே மின்னுகிறது? காதருகே வைத்து அழுத்தினால் சத்தம் வருகிறதா? மோந்து பார்த்ததும் வாயில் எச்சில் ஊறுகிறதா? அப்புறம் நாக்கில் வைத்து, கடிக்காமல் கொஞ்ச நேரம். "கடிக்கலாமா அம்மா?" என்று அவன் தவிப்பான். அந்தத் தவிப்பு உடம்பில் எங்கே தெரிகிறது என்று கேளுங்கள். ஆசை வருவதற்கும் கை நீள்வதற்கும் நடுவில் சின்ன இடைவெளி இருக்கிறது என்பதை அவனே உணர்ந்துவிடுவான். எதிர்காலத்தில் நோட்டைக் கிழிக்கக் கை போகும்போது அவனுக்கு உதவப்போவது அந்த இடைவெளிதான்.

அடுத்து, காது. ஒரு வெண்கலக் கிண்ணத்தைக் கரண்டியால் தட்டுங்கள். ஓசை முழுக்க அடங்கியதும் கையைத் தூக்கச் சொல்லுங்கள். யார் கை முதலில் உயர்ந்தது என்ற போட்டி வேண்டாம். அவனுக்கு எப்போது நின்றதோ, அதுதான் சரி.

மூச்சுக்கு ஒரு வாரம் கழித்து வந்தால் போதும். பாயில் படுக்க வைத்து, வயிற்றில் ஒரு பொம்மையை வையுங்கள். பொம்மை ஏறுவதையும் இறங்குவதையும் அவன் பார்த்தால் போதும். மூச்சை அடக்கச் சொல்லாதீர்கள். விடும் மூச்சை மட்டும், சூடான பாலை ஊதி ஆற்றுவது போல, மெதுவாக நீட்டலாம். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும். அமைதி வருவதற்கு உடலில் இருக்கும் காரணங்களில் இதுவும் ஒன்று. சில குழந்தைகளுக்கு, குறிப்பாக ஆஸ்துமா உள்ளவர்களுக்கு, மூச்சைக் கவனித்தாலே பதற்றம் கூடும். அப்படியானால் மூச்சை விட்டுவிடுங்கள். உள்ளங்கால் தரையில் படுவதைக் கவனிப்பதும் அதே பயிற்சிதான்.

எப்போது செய்வது என்பதில்தான் பெரும்பாலான வீடுகளில் தவறு நடக்கிறது. கிணற்றில் நீச்சல் பழக்குகிறவர்கள், முதலில் படியைப் பிடித்துக்கொண்டு காலை அடிக்கச் சொல்வார்கள். நடுக் கிணற்றில் தத்தளிப்பவனிடம் யாரும் பாடம் நடத்துவதில்லை. பிள்ளை கத்திக்கொண்டிருக்கும்போது "மூச்சைக் கவனி" என்றால் அவன் காதில் அது "வாயை மூடு" என்றுதான் விழும். வயிறு நிறைந்து, சந்தோஷமாக இருக்கும் நேரத்தில் பழக்குங்கள். தூங்கப் போகும் முன் நல்ல நேரம். முட்டி போடச் சொல்வது போல இதை ஒருநாளும் தண்டனையாக்காதீர்கள். தயவுசெய்து.

கிழிக்கிற நேரத்தில் பயிற்சி உங்களுக்குத்தான். உங்கள் தோள் இறுகுவதைக் கவனியுங்கள், ஒரு மூச்சை நீளமாக விடுங்கள், பிறகு பேசுங்கள். "எனக்குக் கோபம் வருது, நெஞ்சு படபடன்னு அடிக்குது, ஒரு நிமிஷம் இரு" என்று வாய்விட்டுச் சொல்லலாம். பிள்ளைகள் நாம் சொல்வதைவிட நாம் செய்வதையே எடுத்துக்கொள்கிறார்கள். அவனுக்கும் சொற்கள் கிடைக்கட்டும். நம் வீடுகளில் கோபம், அழுகை இரண்டுக்குத்தான் பெயர் சொல்கிறோம். ஒரு எழுத்து தப்பானதும் கிழிப்பது கோபமாக இல்லாமல் வெட்கமாக இருக்கலாம், திட்டு விழும் என்ற பயமாகவும் இருக்கலாம். எது என்று அவனிடம் சாவகாசமாகக் கேளுங்கள்.

இதனால் மதிப்பெண் கூடும் என்று நினைத்துத் தொடங்க வேண்டாம். பிரிட்டனில் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் நடந்த 'மிரியட்' ஆய்வு 2022-ல் வெளியானது. வளரிளம் பருவத்தினர் எல்லோருக்கும் வகுப்பில் இதைக் கற்றுக்கொடுத்தும், வழக்கமான மனநலப் பாடங்களைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. பல மாணவர்கள் வீட்டில் அதைச் செய்யவே இல்லை. விருப்பமில்லாதவர்களிடம் மொத்தமாகத் திணிப்பதில் பயனில்லை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். வீட்டில், உங்களோடு சேர்ந்து, விளையாட்டாகச் செய்வது வேறு விஷயம்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். பள்ளியிலும் இதே நிலையா? ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கிறதா? எழுத்துகளை மாற்றி எழுதுகிறானா, பலகையில் இருப்பது தெரியாமல் தடுமாறுகிறானா? அப்படியென்றால் கண் பரிசோதனையும், குழந்தை மனநல மருத்துவரின் ஆலோசனையும் முதலில் வேண்டும். கற்றல் குறைபாட்டையோ கவனக் குறைபாட்டையோ திராட்சை சரிசெய்யாது. அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

சில நாள் போனதும் "போரடிக்குதும்மா" என்பான். கெஞ்சவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். "சரி, போரடிக்கும்போது காலு என்ன பண்ணுது? கை என்ன பண்ணுது?" என்று கேளுங்கள். அவன் யோசித்துப் பதில் சொன்னால் அன்றைய பயிற்சி முடிந்தது. விளையாட விட்டுவிடுங்கள்.