புல்வெளி ஊர்களில் தீப்பிடித்தால் அடிக்கும் மணிக்கு ஏன் அவ்வளவு உயரமான கோபுரம்?

ஓசை தூரம் கேட்கத்தான் என்பது பாதி விடை. கனடா, அமெரிக்கப் புல்வெளி ஊர்கள் பலவற்றில் அந்தக் கோபுரத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது: நனைந்த தீயணைப்புக் குழாய்களை உள்ளே தொங்கவிட்டு உலர்த்துவது. அன்றைய துணிக் குழாய்களை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மக்கிவிடும்.

அன்று அங்கே கடைத்தெருவே மரக்கட்டடங்கள்தான். காற்றைத் தடுக்க எதுவுமில்லை. 1886 நவம்பர் 7 அன்று, அப்போது சிற்றூராக இருந்த கனடாவின் கால்கரியில் 14 கட்டடங்கள் எரிந்தன. வேதனை என்னவென்றால், ஊருக்கு வந்த தீயணைப்பு இயந்திரம் பணம் கட்டாததால் ரயில்வே கிடங்கில் முடங்கிக் கிடந்தது. அதன் பிறகுதான் அங்கே முக்கியக் கட்டடங்களை மணற்கல்லில் கட்டத் தொடங்கினார்கள்.

மணி கேட்டு ஓடிவந்தவர்கள் சம்பளம் வாங்கும் வீரர்கள் அல்லர். கொல்லர், கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர். அவர்கள் காதில் விழாவிட்டால் அணைக்க ஆளே இல்லை. அதனால் மணிதான் அந்த ஊரின் முதல் தீயணைப்புக் கருவி என்பேன். வெண்கலம் விலை அதிகம் என்பதால், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஹில்ஸ்பரோவில் வார்த்த எஃகு மணிகளைப் பல ஊர்கள் வாங்கின. நாதம் கொஞ்சம் கரகரப்பு, ஆனால் மலிவு. மின்சாரம் வந்ததும் ஒவ்வோர் ஊராக சைரனுக்கு மாறியது.